ஊவா மலைக் குளிரும் ஓட்டோ கியரும்

ஊவாவின் தேயிலைத் தோட்டங்களுக்கு ஓட்டோ கியர் வண்டி வெகு பிந்தித்தான் வந்தது. ரயில் 1893இல் அப்புத்தளையையும் 1894இல் பண்டாரவளையையும் தொட்டது. பதுளைக்கு வர 1924 ஆயிற்று. ரயில் வரும்வரை மாட்டு வண்டிகளே மலைப்பாதையில் சரக்கு இழுத்தன. பின்னர் வந்த துரைமாரின் கார்கள், கொழுந்து லொறிகள், 1958இல் அரசுடைமையான பஸ்கள் எல்லாமே கிளட்சை மிதித்துக் கையால் கியர் போடுபவை. ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் ஹைட்ரமேட்டிக் என்ற தானியங்கிக் கியர்பெட்டியை அமெரிக்காவில் 1939இலேயே அறிமுகம் செய்திருந்தது. ஆனால் இலங்கையில் ஓடிய பிரித்தானியச் சிறு கார்களில் அத்தகைய பெட்டி அரிது.

1977இல் இறக்குமதி தளர்ந்தபின் நிலைமை மாறியது. இலங்கையைப் போலவே ஜப்பானிலும் வண்டிகள் இடப்பக்கமாக ஓடுவதால், அங்கே பாவித்த கார்கள் அப்படியே இங்கு இறங்கின. ஜப்பானியர் ஓட்டோ கியருக்கு மாற, மலைநாட்டு வீதிகளும் மாறின.

ஓட்டோ கியர் எண்ணெயை நம்பி வாழ்வது. எஞ்சினின் சுழற்சியைச் சக்கரங்களுக்குக் கடத்துவதும், கிளட்சுகளை அழுத்திக் கியர் மாற்றுவதும் எண்ணெய்தான். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை அப்புத்தளை, பண்டாரவளைப் பக்க விடியல்களில் வெப்பம் 15 பாகைக்குக் கீழே இறங்குவது வழக்கம். அந்தக் குளிரில் எண்ணெய், நன்கு சூடேறிய நிலையில் இருப்பதைவிட ஏறத்தாழ பத்து மடங்கு தடிப்பாகும். கனடாவின் உறைபனியோடு ஒப்பிட்டால் இது சிறிய குளிர்தான். ஆயினும் கியர் மாற்றம் தாமதிக்கும், சற்று உதைக்கும்; எஞ்சினையும் கியர்பெட்டியையும் இறுகப் பிணைக்கும் லொக்-அப் கிளட்ச், எண்ணெய் சூடேறும்வரை பிடிக்காது.

ஊவாவில் இதைக் கடினமாக்குவது சரிவு. பதுளையிலிருந்து பண்டாரவளைக்கு ஏறும் வண்டியில் எஞ்சின் கடுமையாக உழைப்பதால் எண்ணெய் விரைவில் சூடேறும். அப்புத்தளையிலிருந்து பெரகலை, கொஸ்லாந்தை வழியாக வெல்லவாயவுக்கு இறங்கும் வண்டியின் கதை வேறு. ஆயிரம் மீட்டருக்கும் மேற்பட்ட இறக்கம் அது. எஞ்சினுக்கு வேலை குறைவு, எண்ணெய் சூடேறுவதும் மெதுவாகவே. லொக்-அப் பிணைப்பு இல்லாமல் எண்ணெய் வழுக்க, வண்டியை இழுத்துப் பிடிக்கும் எஞ்சினின் தடை குறைகிறது. சுமை பிரேக்கின்மேல் விழுகிறது. ஆகவே கியர்க்கம்பியை 2 அல்லது எல் (L) என்ற தாழ்ந்த கியரில் வைத்து இறங்குவது, குளிர்ந்த காலையில் கட்டாயம் என்றே சொல்ல வேண்டும்.

பின்னர் பரவிய ஹைபிரிட் கார்களில் சிக்கல் வேறு வகை. டொயோட்டா பிரியஸ், அக்வா போன்றவற்றில் இந்த எண்ணெய்ப் பிணைப்பே கிடையாது. குளிரில் புறப்படும்போது, தன்னைச் சூடாக்கிக்கொள்வதற்காக எஞ்சின் தானாக இயங்கும். நெடிய இறக்கத்தில் பற்றரி நிரம்பிவிட்டால் மின்சாரத்தைச் சேமித்து வேகம் தணிக்க இயலாது. அப்போது எஞ்சினை வெறுமனே சுழற்றித்தான் வண்டி தடைபெறும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் இருந்த வண்டிகளே ஓடி ஓடி மூப்படைந்தன. பழைய கியர்பெட்டியில் ரப்பர் சீல்கள் விறைத்துப்போயிருக்கும். குளிரில் இன்னும் சுருங்கி அழுத்தத்தைக் கசியவிடும். டி-க்கு மாற்றியபின் வண்டி நகரச் சில நொடி தயங்குவதற்கு இது ஒரு காரணம். சூடேறியதும் அந்தத் தயக்கம் மறைவதால் பலர் கவனிக்காமலே விட்டுவிடுகிறார்கள். கராஜுக்குப் போகும் வேளையில் கிளட்சுத் தட்டுகள் கருகியிருப்பதும் உண்டு.