வாள் ஏந்திய அரசி: ஒரு சீட்டும் அதன் உரைகளும்

நம் ஊர்த் திண்ணைகளில் சீட்டாடுவோர் 'இஸ்பேட் ராணி' என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். இஸ்பேட் என்னும் சொல்லின் வேரைத் தேடிச் சென்றால், வாளைக் குறிக்கும் இத்தாலிய, ஸ்பானியச் சொல்லில் அது முடிகிறது. கையிலுள்ள சீட்டில் கறுப்பு இலை போன்றதொரு வடிவத்தை மட்டுமே காணும் ஆட்டக்காரர், தாம் அறியாமலே அவளை 'வாள் அரசி' என்று அழைக்கிறார். துருப்பு என்னும் சொல்லும் வெற்றியைக் குறிக்கும் பழைய ஐரோப்பியச் சொல் ஒன்றின் வழிவந்ததே. சொற்கள் கடல் கடந்து வந்தன. பொருள் வழியிலே உதிர்ந்துவிட்டது.

அந்த அரசி இன்றும் வாளுடனேயே அமர்ந்திருக்கும் சீட்டுக்கட்டு ஒன்று உண்டு. அதன் பெயர் டாரட். குறி சொல்லப் பயன்படும் சீட்டாகவே இன்று உலகில் பலரும் அதனை அறிவர். குறியின் மெய்ம்மையை ஆராய்வது என் நோக்கமன்று. ஓவியம் ஒன்றுக்கு மாந்தர் காலந்தோறும் எழுதிவந்த உரைகளின் வரலாற்றைக் காண்பதே நோக்கம். கவிதை படைப்போரும் கவிதைக்குப் பொருள் காண்போரும் கூடிப் பத்தாண்டுகள் நிறைந்த நம் வட்டத்தின் மலருக்கு இப்பொருள் ஏற்புடையது என்று எண்ணித் துணிந்தேன்.

அரசி இல்லாத அவை

ஐரோப்பியர்க்குச் சீட்டுக்கட்டு இசுலாமிய நாடுகளின் வழியே 14ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தது. எகிப்தை ஆண்ட மம்லூக்குகள் காலத்து மரபைக் காட்டும் சீட்டுகள் இஸ்தான்புல் நகரின் தோப்காபி அரண்மனையில் இன்றும் உள்ளன. வாள், போலோ ஆட்டக் கோல், கிண்ணம், காசு என்னும் நான்கு இனங்கள் அவற்றில் உண்டு. ஒவ்வோர் இனத்திலும் அரசன், அவனுடைய துணைவன், இரண்டாம் துணைவன் என மூவர் அவையில் இருந்தனர். பெண் எவளும் இல்லை. அம்மூவருக்கும் உருவம்கூட இல்லை. எழுத்தும் அணிவேலைப்பாடுமே இருந்தன.

ஐரோப்பாவில் அவர்களுக்கு முகம் கிடைத்தது. மெல்ல மெல்ல அரசிக்கு இடமும் கிடைத்தது. 1377இல் சீட்டுக்கட்டைப் பற்றி நூல் எழுதிய ரைன்ஃபெல்டன் ஊர்த் துறவி யோகான்னஸ், அரசனும் இரு படைத்தலைவரும் கொண்ட கட்டினை விளக்கிவிட்டு, அரசியர் இடம்பெறும் கட்டுகளும் உண்டு எனக் குறிக்கிறார். 1440ஐ ஒட்டி வட இத்தாலியில் டாரட் தோன்றியபோது அரசியின் இருக்கை உறுதியாயிற்று. இனத்துக்கு 14 வீதம் நான்கு இனங்களுக்கு 56 சீட்டுகள், அவற்றோடு தனிப்பட்ட ஓவியச் சீட்டுகள் 22, ஆக 78. ஒவ்வோர் இனத்தின் அவையிலும் அரசன், அரசி, குதிரைவீரன், ஏவலன் என நால்வர். மிலான் கோமகன் பிலிப்போ மரியா விஸ்கொந்திக்காக வரையப்பட்டதாகக் கருதப்படும் ஒரு கட்டில் பெண் குதிரைவீரரும் பெண் ஏவலரும்கூட இருக்கின்றனர். அது இன்று யேல் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது.

அக்காலத்தில் இது விளையாட்டு மட்டுமே என்பது மனத்திற்கொள்ளத் தக்கது. அரசி அரசனுக்கு அடுத்த மதிப்புடையவள், அவ்வளவே. அவளுடைய வாளுக்குப் பொருள் கேட்டவர் எவரும் இலர்.

வாள் பிடித்த இரு பெண்டிர்

ஆயினும் ஓவியன் வெற்றிடத்திலிருந்து வரைவதில்லை. பிலிப்போ மரியாவின் மகள் பியான்கா மரியா. அவள் கணவன் பிரான்செஸ்கோ ஸ்ஃபோர்சா. இவ்விருவர் குடிக்கென வரையப்பட்ட புகழ்பெற்ற டாரட் கட்டில் 74 சீட்டுகள் எஞ்சியுள்ளன. அவற்றுள் நிமிர்த்திய வாளுடன் வீற்றிருக்கும் அரசியும் ஒருத்தி. 1448இல் வெனிசியர் கிரெமோனா நகரைத் தாக்கியபோது, கணவன் அயலிடத்திலிருக்க, பியான்கா மரியா கவசம் பூண்டு நகரைக் காக்க முன்னின்றாள் என்று கூறுவர். 1466இல் கணவன் இறந்தான். மூத்த மகன் அப்போது பிரான்சு நாட்டில் இருந்தான். அவன் திரும்பும்வரை ஆட்சி சிதறாமல் காத்தவள் கைம்பெண்ணான அவளே. ஓவியத்து அரசி அவள்தான் என்று நான் சொல்ல வரவில்லை. வாளேந்திய அரசி அந்த அவைக்கு வியப்பானவள் அல்லள் என்பதே என் கருத்து.

அந்நூற்றாண்டின் இறுதியில், 1491ஐ ஒட்டி, செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிடப்பட்ட ஸோலா பூஸ்கா என்னும் கட்டு தோன்றியது. இதில் வாள் அரசிக்குப் பெயரே பொறிக்கப்பட்டுள்ளது. அவள் ஒலிம்பியாஸ், மாமன்னன் அலெக்சாந்தரின் தாய். வாள் அரசனாக அமர்ந்திருப்பவன் அவள் கணவன் பிலிப்பு அல்லன், மகன் அலெக்சாந்தர். கி.மு. 336இல் கணவன் கொலையுண்டான். 323இல் மகன் இறந்தான். அதன்பின்னும் பேரனின் அரசுரிமைக்காகப் படையுடன் எதிர்த்து நின்று, கி.மு. 316இல் பகைவரால் கொல்லப்பட்டவள் அவள். கொடுமைகளும் அவள் கணக்கில் உண்டு. இருப்பினும் கைம்மை அவளை மூலையில் அமர்த்தவில்லை.

'கைம்மை' என்னும் தலைப்பு

ஏறத்தாழ 340 ஆண்டுகள் ஆட்டப்பொருளாயிருந்த டாரட் 1781இல் மறைநூலாயிற்று. பாரிசில் வாழ்ந்த கூர் தெ ஜெபலென் என்னும் அறிஞர், இது பண்டை எகிப்தியரின் ஞானநூல் என்று அவ்வாண்டில் எழுதினார். எகிப்தியச் சித்திர எழுத்தைப் படிக்கும் வழியை ஷம்பொலியோன் வெளியிட்டது 1822இல்தான். படிக்க முடியாத எழுத்தின்மேல் எவ்வளவு பெரிய கோபுரத்தையும் கட்டலாம் என்பதற்கு இது சான்று. ஆக்ஸ்போர்டு மெய்யியலாளர் மைக்கேல் டம்மெட் 1980இல் வெளியிட்ட நூல், டாரட் ஆட்டமாகவே பிறந்து வளர்ந்தது என்பதை ஐயத்துக்கிடமின்றி நிறுவியது.

ஜெபலெனைத் தொடர்ந்து, அல்லியெத் என்னும் தம் பெயரைத் தலைகீழாக்கி எத்தெய்லா எனப் புனைந்துகொண்ட குறிகாரர், 1785 முதல் டாரட்டுக்கு உரை எழுதிச் சீட்டுதோறும் ஒரு தலைப்பும் இட்டார். வாள் அரசிக்கு அவர் இட்ட தலைப்பு 'கைம்மை'.

ஏன் கைம்மை? ஓவியத்தில் துயரக்கோலம் ஏதும் இல்லை. வாளும் அரியணையும் முடியும் இருந்தன. விடை அக்காலச் சமுதாயத்தில் உள்ளது என்பது என் துணிபு. புரட்சிக்கு முற்பட்ட பிரான்சில் மணமான பெண் சட்டத்தின் முன் கணவன் ஆளுகைக்கு உட்பட்டவள். கணவனை இழந்தவளோ தன் பெயரில் உடன்படிக்கை செய்யலாம், வழக்குத் தொடுக்கலாம், தொழிற்குழுக்கள் பலவற்றில் கணவனின் பட்டறையை நடத்தலாம். அந்நாளைய பிரெஞ்சு நூல்களின் முகப்பில் 'இன்னாரின் கைம்பெண்' என்றே பதிப்பாளர் பெயர் அச்சிடப்பட்டிருப்பதைப் பலவிடத்தும் காணலாம். தன் காரியத்தைத் தானே நடத்தும் பெண்ணைச் சுட்ட அக்காலத்தின் கையிலிருந்த சொல் பெரும்பாலும் இது ஒன்றே. ஆடவன் துணையின்றி வாளைத் தானே பிடித்திருப்பவளைக் கண்ட உரைகாரர், அவளைக் கைம்பெண்ணாக அல்லாமல் வேறெவ்வாறு எண்ணியிருப்பார்?

பின்வந்தோர் அச்சொல்லிலிருந்த உரிமையைக் கைவிட்டு இழப்பை மட்டும் எடுத்துக்கொண்டனர். 1888இல் இலண்டனில் மாத்தர்ஸ் வெளியிட்ட சிறுநூலில் கைம்மை, இழப்பு, இன்மை, பிரிவு என்று பொருள்கள் நீள்கின்றன. வியப்பு என்னவெனில், அதே மாத்தர்ஸ் 'பொன் விடியல்' என்னும் மறைக் கழகத்தின் உறுப்பினர்க்கென எழுதியதாகக் கருதப்படும் ஏட்டில் இவள் முற்றிலும் வேறானவள்: கூர்த்த நோக்கும் விரைந்த அறிவும் உடையவள்; ஒரு கையில் வாள், மறுகையில் வெட்டுண்ட ஆடவன் தலை. ஊருக்கு ஓர் உரை, உள்வட்டத்துக்கு ஓர் உரை!

ஓவியர் வரைந்ததும் உரைகாரர் எழுதியதும்

இன்று உலகெங்கும் பரவியுள்ள டாரட் ஓவியங்களை வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித். 1878இல் இலண்டனில் பிறந்து, சிறுவயதில் ஜமைக்காவிலும் வாழ்ந்து, நியூயார்க்கில் ஓவியம் பயின்றவர். ஆர்தர் எட்வர்டு வெய்ட் கேட்டுக்கொண்டதற்கிணங்க 1909இல் அவர் வரைந்த கட்டினை இலண்டன் ரைடர் பதிப்பகம் வெளியிட்டது. பெரிய வேலையைச் சிறிய கூலிக்குச் செய்து முடித்ததாக அவ்வாண்டு நண்பர் ஒருவர்க்கு எழுதிய மடலில் அவர் குறித்தார். கட்டு பல்லாண்டுகள் பதிப்பாளர் பெயரையும் வெய்ட்டின் பெயரையுமே தாங்கி நின்றது. 1951இல் பமீலா வறுமையில் இறந்தார். அவர் பெயரையும் சேர்த்துச் சொல்லும் வழக்கம் அண்மைக்காலத்ததே.

அவர் வரைந்த வாள் அரசியை நோக்குவோம். பக்கவாட்டில் அமர்ந்திருக்கிறாள். வலக்கையில் வாள் நேர் நிற்கிறது, சிறிதும் சாயவில்லை. இடக்கை யாரையோ வரவேற்பதுபோல் முன்னே நீண்டிருக்கிறது. முடியில் வண்ணத்துப்பூச்சிகள், அரியணையில் சிறகுடைய மழலை முகம். மேகங்கள் கீழே தாழ்ந்து கிடக்க, அவள் தலைக்குமேல் வானம் தெளிந்திருக்கிறது. அங்கே ஒற்றைப் பறவை.

இவ்வோவியத்துக்கு வெய்ட் எழுதிய உரையில் துயரோடு பழகிய முகத்தைக் கண்டது குறையன்று. அது முகத்தில் உள்ளதே. ஆனால் கையில் வாளிருந்தும் அவளை வலிமையின் உருவமாகக் கொள்ள அவர் மனம் இசையவில்லை. பொருள்களாக அவர் அடுக்கியவற்றுள் கைம்மை, மலட்டுத்தன்மை, பிரிவு ஆகியன உள்ளன. சீட்டு தலைகீழாக விழுந்தால் வஞ்சம், கரவு. ஒன்று இரக்கத்துக்குரியவள், அன்றேல் அஞ்சத்தக்கவள். இடையில் வேறு நிலை அவளுக்கு இல்லை. நீட்டிய கையை அவர் குறிப்பிட்டும் அதற்குப் பொருள் காணவில்லை; தெளிந்த வான் உரைக்குள் நுழையவே இல்லை.

உரை பின்னர் மாறிற்று. 1938க்கும் 1943க்கும் இடையில் ஃபிரீடா ஹாரிஸ் அம்மையார், கிரௌலி வகுத்த கட்டுக்காக, உள்வட்டத்து வாள் அரசியை வண்ணத்தில் தீட்டினார். கிரௌலியின் உரையில் அவள் மனத்தைத் தளையினின்று விடுவிப்பவள். 1980களில் அமெரிக்க எழுத்தாளர் ரேச்சல் பொல்லாக் முதலானோர் துயரத்தை மறுக்காமலே அதனை அறிவின் வாயிலாகக் கண்டனர். 1981இல் இரு பெண்கள் உருவாக்கிய 'மதர்பீஸ்' என்னும் வட்டச் சீட்டுக்கட்டு அரசனையும் அரசியையும் நீக்கி, பூசாரினியையும் மந்திரம் வல்லாரையும் அவ்விடத்தில் அமர்த்தியது. இன்று அச்சீட்டுக்குப் பொருள் சொல்வோர் முதலில் கூறுவது நேர்மையான சொல், தெளிந்த தீர்ப்பு, தனித்து நிற்கும் துணிவு என்பனவே. கைம்மை பின்வரிசைக்குப் போய்விட்டது.

ஒரு சொந்தக் குறிப்பு

ஆய்வுக்கட்டுரையில் தன்னைப் பற்றி எழுதலாகாது என்று மாணவியர்க்குச் சொல்லிவருபவள் நான். இம்மலரில் ஒருமுறை அவ்விதியை மீறுகிறேன்.

என் அன்னையார் தம் 34ஆம் வயதில் கணவரை இழந்தவர். எஞ்சிய நிலத்துக்காகப் பதினொரு ஆண்டுகள் வழக்கு நடத்தினார். வழக்குக் கட்டுகளைத் தாமே படித்தார். எங்கள் மூவரையும் பட்டம் பெறவைத்தார். அவர் ஒரு செய்தியைக் கேட்டால் அதிலுள்ள பொய் உடனே அவருக்குப் புலப்படும். புலப்பட்டதைச் சொல்லியும் விடுவார். உறவினர்க்கு அது பொறுக்கவில்லை. "அண்ணன் இருந்திருந்தால் இவளுக்கு இத்தனை வாய் இருக்குமா?" என்று அத்தை கேட்டதை எட்டாம் வகுப்பு மாணவியாகக் கதவருகில் நின்று கேட்டேன். திருமண வீடுகளில் ஆரத்தித் தட்டு அவரைக் கடந்து போகும். வழக்கென்று வந்தால் அதே உறவினர் அவரிடமே வழிகேட்டு வந்தனர். அவரும் அமரச் சொல்லி, வந்த குறையைக் கேட்டார். அவருக்கும் ஊருக்கு ஓர் உரையும் உள்வட்டத்துக்கு ஓர் உரையும் இருந்தன.

முதன்முதலாக இச்சீட்டின் படத்தை ஒரு நூலகத்தில் கண்டபோது, நீட்டிய அந்த இடக்கையையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் கீழே 'கைம்மை' என்று இருந்தது. படத்தை யாரும் சரியாகப் பார்க்கவில்லை என்று தோன்றியது. இக்கட்டுரை அன்று தொடங்கியது.

படத்துக்கு முன்னரே உரையைப் படித்துவிட்டால், பின்னர் படத்தில் உரையையே காண்போம். பெண்ணொருத்தியைக் கவிதையில் கொண்டுவரும் நம் வட்டத்துக் கவிஞர்கள், அவளுக்கு ஊர் இட்ட பெயரை எழுதுமுன் அவள் இரு கைகளும் என்ன செய்துகொண்டிருக்கின்றன என்று ஒருமுறை நோக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.