சுமாகோ: சாலை கைவிட்ட ஊர், மக்கள் கைவிடாத ஊர்



மகள் நகோயாவில் இருப்பதால் சென்ற இலையுதிர் காலத்தில் ஜப்பானுக்குப் போய் வந்தேன். டோக்கியோ படங்கள் எங்கே என்று பலர் கேட்டீர்கள். அவற்றைப் பிறகு போடுகிறேன். இன்று நாகனோ மாநிலத்தின் கிசோ மலைப் பள்ளத்தாக்கில் இருக்கும் சுமாகோ என்ற சிற்றூரைப் பற்றிச் சொல்கிறேன். பார்ப்பதற்கு ஒரு நீளத் தெருவும் இருபுறமும் மர வீடுகளும்தான். ஆனால் அதற்குள் ஒரு முழு வரலாற்றுப் பாடம் இருக்கிறது.

1600களின் தொடக்கத்தில் தோக்குகாவா ஷோகன்கள் நாட்டை ஆளத் தொடங்கினார்கள். அவர்களுடைய நகரம் எடோ, அதாவது இன்றைய டோக்கியோ. பேரரசர் இருந்தது கியோட்டோ. இரண்டையும் இணைக்கக் கடலோரமாக ஒரு சாலை, மலை வழியாக ஒரு சாலை. மலைச் சாலையின் பெயர் நகாசெண்டோ. சுமார் 530 கிலோமீட்டர், வழியில் 69 தங்கல் ஊர்கள். அவற்றில் 42ஆவது சுமாகோ. பயணிகளுக்குத் தங்க இடமும், சுமை தூக்க ஆளும் குதிரையும் தருவதே அந்த ஊர்களின் வேலை.

1635இல் ஷோகன் ஒரு சட்டம் போட்டார். சிற்றரசர்கள் ஓராண்டு எடோவிலும் ஓராண்டு சொந்த நாட்டிலும் இருக்க வேண்டும். மனைவி மக்கள் எப்போதும் எடோவிலேயே இருக்க வேண்டும். ஒரு வகையில் பிணைக்கைதிகள்தான். சிற்றரசர்கள் பரிவாரத்தோடு போவதும் வருவதுமாக இருந்ததால் தங்கல் ஊர்கள் பிழைத்தன. சிற்றரசர் தங்கும் மாளிகை ஹோன்ஜின். அதற்கு அடுத்தது வாக்கி-ஹோன்ஜின். மற்றவர்களுக்குச் சத்திரங்கள்.

1868இல் ஷோகன் ஆட்சி முடிந்தது. தங்கல் முறையும் ஒழிந்தது. 1911இல் கிசோ பள்ளத்தாக்கு முழுவதும் ரயில் ஓடத் தொடங்கியது. ஆனால் அது சுமாகோவைத் தொடாமல் ஆற்றோரமாகப் போய்விட்டது. சாலையால் பிழைத்த ஊருக்குச் சாலையே இல்லாத நிலை. வீடுகளை இடித்துப் புதிதாகக் கட்டக்கூடக் காசு இல்லை. அந்த வறுமைதான் பழைய வீடுகளைக் காப்பாற்றியது என்பது விசித்திரம். 1960களில் நாடு வேகமாக வளர்ந்தபோது இளைஞர்கள் நகரங்களுக்குப் போனார்கள். காலி வீடுகள் சரியத் தொடங்கின.

அப்போதுதான் ஊர்க்காரர்கள் விழித்துக்கொண்டார்கள். 1968இல் சுமாகோவை நேசிப்போர் சங்கம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். ஓதா ஹிரோதாரோ என்ற கட்டடக்கலை வரலாற்று அறிஞர் வழிகாட்டினார். கோயிலை ஒட்டிய தெராஷிதா பகுதியில் 20க்கும் மேற்பட்ட வீடுகளைச் சீரமைத்தார்கள். 1971இல் ஊர் கூடி ஒரு சாசனம் எழுதியது. அதன் சாரம் மூன்றே வரி: விற்க மாட்டோம். வாடகைக்கு விட மாட்டோம். இடிக்க மாட்டோம். இப்படிப்பட்ட தெருக்களைக் காக்க நாட்டில் சட்டம் வந்ததே 1975இல்தான். அடுத்த ஆண்டு அந்தச் சட்டத்தின்கீழ் முதலில் அறிவிக்கப்பட்ட இடங்களில் சுமாகோவும் ஒன்று. ஊர் முந்திக்கொண்டது, அரசு பின்னால் வந்தது.

போனால் என்ன பார்க்கலாம்?

முதலில் வாக்கி-ஹோன்ஜின் ஒகுயா. இது 1877இல் ஹினோக்கி மரத்தால் கட்டிய வீடு. ஷோகன் காலத்தில் கிசோ காட்டு ஹினோக்கியை மக்கள் வெட்டக் கூடாது. 'மரம் ஒன்றுக்குத் தலை ஒன்று' என்பார்களாம். ஆட்சி மாறித் தடை நீங்கியதும், இவ்வளவு காலம் தொட முடியாத மரத்தாலேயே வீட்டைக் கட்டினார்கள். நடுக்கூடத்தில் தரையில் பதித்த அடுப்பு. அதன் புகையில் உத்தரங்கள் கறுத்து மின்னுகின்றன. 1880இல் பேரரசர் மெய்ஜி இங்கே இளைப்பாறினார்.

எதிரே ஹோன்ஜின். பழையது மெய்ஜி காலத்திலேயே போய்விட்டது. பழைய வரைபடத்தின்படி 1995இல் மீண்டும் கட்டியிருக்கிறார்கள். புகழ்பெற்ற நாவலாசிரியர் ஷிமாசாகி தோசோனின் தாய் பிறந்த வீடு இது. அவருடைய தந்தை பக்கத்து ஊரான மகோமேயின் ஹோன்ஜின் தலைவர். புதிய அரசு காடுகளைத் தனதாக்கிக்கொண்டபோது மக்களுக்காக வாதாடி, தோற்று, மனம் கலங்கி இறந்தவர். 'விடியலுக்கு முன்' என்ற தோசோனின் நாவல் அவருடைய வாழ்க்கையைத் தழுவியதே.

மகோமேயிலிருந்து சுமாகோவுக்குப் பழைய சாலையில் நடக்கலாம். சுமார் 8 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். மகோமேயில் தொடங்கினால் ஏற்றம் குறைவு. வழியில் ஆண் அருவி, பெண் அருவி என்று இரண்டு அருவிகள். அங்கங்கே மணிகள் தொங்கும். கரடி விலகிப் போக அதை அடித்துவிட்டு நடக்க வேண்டும். நடுவில் ஒரு பழைய வீட்டில் இலவசமாகத் தேநீர் தருகிறார்கள். என் முழங்காலுக்கு அது பெரிய உதவி. ஊரில் கொஹெய்-மோச்சி வாங்கிச் சாப்பிடுங்கள். சோற்றை மசித்துக் குச்சியில் பிடித்து, வால்நட் சேர்த்த சோயா சாறு தடவிச் சுடுவது. நவம்பர் 23இல் போனால் பழங்கால உடையில் ஊர்வலம் பார்க்கலாம்.

தெருவில் மின்கம்பம் கிடையாது. கம்பிகளை வீடுகளுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டார்கள். பகலில் கார் வராது. வீட்டின் முகப்பை மாற்ற வேண்டுமானால் ஊர்க் குழுவைக் கேட்க வேண்டும். சொந்த வீட்டில் அந்தக் கட்டுப்பாட்டை ஏற்பது எளிதல்ல.

அந்த மூன்று வரிகளில் விற்காதே, இடிக்காதே என்பது உடனே புரிகிறது. வாடகைக்கு விடாதே என்று ஏன் எழுதினார்கள்? வீடு அப்படியேதானே நிற்கும்? யோசித்துப் பார்த்தேன். வெளியூர் வியாபாரி வாடகைக்கு எடுத்தால் வீடு நிற்கும், குடும்பம் போய்விடும். தெரு கடைத்தெருவாகும், இரவில் விளக்கு எரியாது. அவர்கள் காக்க நினைத்தது மரத்தையும் கூரையையும் மட்டுமல்ல, அங்கே வாழ்வதையும்தான்.

அதனால் போகிறவர்கள் ஒரு நாள் இரவாவது அங்கே தங்குங்கள். மாலையில் சுற்றுலாப் பயணிகள் போன பிறகு, சன்னல்களில் ஒவ்வொன்றாக விளக்கு ஏறும். சுமாகோவில் பார்க்க வேண்டியதில் முதலிடம் அதற்குத்தான்.

அன்புடன்,
உங்கள் சார்