அபவாதமும் பொறுமையும்: 'கமலாம்பாள் சரித்திரம்' காட்டும் குடும்பம்

திருவள்ளுவர் பொறையுடைமை, புறங்கூறாமை என்னும் இரண்டு அதிகாரங்களையும் இல்லறவியலிலேயே வைத்துள்ளார். குடும்பத்தைக் குலைப்பது பிறர் கூறும் பழி. அதனைத் தாங்கி நிறுத்துவது பொறுமை என்பது இவ்வைப்பு முறையால் விளங்கும். இவ்வுண்மையைத் தமிழ் உரைநடையில் கதையாக்கிக் காட்டிய முன்னோடிப் புதினம் பி. ஆர். ராஜமய்யரின் 'கமலாம்பாள் சரித்திரம்' ஆகும்.

மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் வெளிவந்தது. அதனை அடுத்துத் தோன்றிய தமிழ்ப் புதினங்களுள் தலைசிறந்த இந்நூல், 'விவேக சிந்தாமணி' இதழில் 1893 முதல் 1895 வரை தொடராக வந்து, 1896இல் நூலுருப் பெற்றது. வத்தலக்குண்டில் 1872இல் பிறந்த ஆசிரியருக்கு, தொடரைத் தொடங்கியபோது வயது இருபத்தொன்றே. 'ஆபத்துக்கிடமான அபவாதம்' என்பது இதன் மற்றொரு பெயர். கதையின் உயிர்நிலை அப்பெயரிலேயே அடங்கியுள்ளது.

மதுரைச் சீமையின் சிறுகுளத்தில் செல்வமும் மதிப்பும் பெற்று வாழ்பவர் முத்துஸ்வாமி அய்யர். அவர் மனைவி கமலாம்பாள். மகன் நடராஜன் காணாமற் போகின்றான், பொருளும் அழிகின்றது. இந்நிலையில் மனைவியின் கற்பைப் பற்றிய பழிச்சொல் அவர் செவிக்கு எட்டுகின்றது. அதனை நம்பி, குடும்பத்தைத் துறந்து செல்கின்றார். சச்சிதானந்த ஸ்வாமிகளின் அருளால் தெளிவு பெறுகின்றார். முடிவில் காசியில் பிரிந்தோர் கூடுகின்றனர்.

பிரிவு தமிழிலக்கியத்திற்குப் புதிதன்று. மருதத் திணைத் தலைவன் பரத்தையை நாடிப் பிரிந்தான்; கோவலன் மாதவியை நாடிப் பிரிந்தான். அங்கெல்லாம் தவறு பிரிந்தவனுடையது. இங்கோ, தவறு செய்யாத மனைவியை ஊர்ப்பேச்சு பிரிக்கின்றது. இதுவே ராஜமய்யரின் புதுமை எனலாம். 'வம்பர் மகாசபை' என அவர் நகைச்சுவையுடன் வரைந்த பெண்களின் கூட்டம் வெறும் சிரிப்புக்காக அமைந்ததன்று. பொழுதுபோக்காக எழும் பேச்சு எத்தகைய தீமைக்கு வழிகோலும் என்பதை நாம் பின்னரே உணர்கின்றோம். தமிழ்ப் புலவர் அம்மையப்ப பிள்ளையின் வேடிக்கைகள் துயரின் சுமையை இடையிடையே குறைக்கின்றன.

எனினும் ஒன்றை நாம் கருதிப் பார்த்தல் வேண்டும். வேதாந்தத்தில் தோய்ந்து, 1896 முதல் 'பிரபுத்த பாரத' இதழின் ஆசிரியராக விளங்கி, 1898இல் இருபத்தாறாம் வயதில் மறைந்தவர் ராஜமய்யர். ஆதலின் கதையின் பிற்பகுதி கணவரின் ஞானத்தையே பெரிதும் தொடர்கின்றது. பழியை நம்பியவர் ஞானியாகின்றார். பழியைச் சுமந்தவளை அந்த ஞானம் எவ்வாறு ஆற்றியது? மன்னிக்க வேண்டியவள் கமலாம்பாளே. நூல் அவள் பெயரைத் தாங்கி நிற்பது எவ்வளவு பொருத்தம்!

1809இல் பெங்களூரில் தண்டு அமைந்த காலந்தொட்டு, தமிழர் பலர் பிழைப்பு நாடி இங்கு வந்தனர். அவர்களுள் குடும்பத்தை ஊரில் விட்டு வந்தோரும் உண்டு. இடைவெளி நீளுமிடத்தில் மூன்றாமவர் சொல் எளிதில் நுழையும். அன்று கடிதம் சுமந்து வந்ததை இன்று தொலைபேசி சுமந்து வருகின்றது. கேட்டதை நம்புமுன் உரியவரிடம் ஒரு சொல் கேட்போமாயின், காசி வரை செல்லாமலே பல குடும்பங்கள் கூடும்.