சுருதி கூட்டிய தொலைபேசி மணிகள்

அலெக்சாந்தர் கிரகாம் பெல் 1876 ஆம் ஆண்டிலே தொலைபேசிக்கு ஆக்கவுரிமை பெற்றார். அவருடைய முதன்மையான ஆக்கவுரிமைகள் 1893, 1894 ஆம் ஆண்டுகளிற் காலாவதியாயின. அதன்பின் ஐக்கிய அமெரிக்காவின் சிற்றூர்களிலே சுதந்திரமான தொலைபேசிக் கம்பனிகள் பல தோன்றின. பண்ணைகள் தொலைவுக்கொன்றாய்ச் சிதறிக் கிடந்த அந்நாட்டுப்புறங்களில், வீட்டுக்கொரு கம்பியிழுத்தல் கட்டுப்படியாகாத செலவாயிற்று. ஆகவே, பல வீட்டார் ஒரே கம்பியைப் பகிர்ந்துகொண்டனர்.

இவ்வேற்பாட்டின் கீழ் ஒரு வீட்டுக்கு அழைப்பு வரின் எல்லா வீடுகளிலும் மணி ஒலிக்கும். நீண்ட ஒலி இரண்டு ஒருவருக்கு, நீண்டதொன்றும் குறுகியதொன்றும் மற்றொருவருக்கு எனக் குறியீடுகள் வகுக்கப்பட்டன. ஆயினும், நள்ளிரவில் ஒருவரை அழைத்தால் அயலார் அனைவரும் விழித்தனர். அழைப்பு எவருக்கென்பதையும் அறிந்தனர். வாங்கியை எடுத்து ஒட்டுக்கேட்டலும் வழக்கமாயிற்று.

இக்குறையை நீக்குதற்குப் பௌதிகத்தின் பரிவுத் தத்துவம் துணைக்கழைக்கப்பட்டது. ஊஞ்சலை அதன் இயல்பான கதிக்கு இசையத் தள்ளினாலன்றி அது பெருவீச்சுடன் ஆடுவதில்லை. அவ்வாறே மணியின் நாவை ஒரு வில்லிற் பொருத்தி, நாவின் பாரத்தாலும் வில்லின் விறைப்பாலும் அதன் மீடிறனை வரையறுத்தனர். செக்கனுக்கு 16⅔, 25, 33⅓, 50, 66⅔ சுற்றுக்கள் கொண்ட ஐவகை ஆடலோட்டங்களைத் தொலைபேசி நிலையம் அனுப்பிற்று. ஒவ்வொன்றுக்கும் உரிய மணி மாத்திரமே ஒலித்தது. இரு கம்பிகளையும் தனித்தனியே நிலத்தோடு சேர்த்துப் பயன்படுத்தியபோது பத்து வீடுகளைப் பிரித்தழைக்கவும் இயன்றது.

எனினும், 33⅓, 50, 66⅔ ஆகியன 16⅔ இன் மடங்குகளாதலின், ஓட்டம் தூயதாக இல்லாதவிடத்துப் பிறர் மணியும் சிணுங்கக்கூடும். இதனைத் தவிர்க்கவே 16, 30, 42, 54, 66 என்னும் வரிசையொன்று வகுக்கப்பட்டது. 20, 30, 40, 50, 60 என்னும் வரிசையும் வழக்கிலிருந்தது.

இம்மணிகள் அயலாரின் உறக்கத்தைக் காத்தன. உரையாடலின் அந்தரங்கத்தையோ காக்கவில்லை. கம்பி பொதுவாயிருந்தமையால், வாங்கியை எடுப்பவர் எவரும் பேச்சைக் கேட்கலாம். தனிக்கம்பி கிடைத்த பின்னரே அக்குறை தீர்ந்தது. சுருதி கூட்டிய மணிக்கும் அத்துடன் தேவை அற்றுப்போயிற்று.

வட அமெரிக்காவிலே செக்கனுக்கு 20 சுற்று என்பதே பொதுவழக்காக நிலைபெற்றது. ஆதலின், பழைய தொலைபேசிகளைச் சேகரிப்போர் 42 அல்லது 54 சுற்றுக்குரிய கருவியை இணைக்கும்போது மணி ஊமையாகி நிற்கும். சுருள் எரிந்துவிட்டதென முடிவு கட்டுமுன், மணியின்மீது மீடிறன் பொறிக்கப்பட்டுள்ளதா எனப் பார்த்தல் நன்று. உரிய மீடிறனுள்ள ஓட்டத்தை ஊட்டலாம். அன்றிச் சுருதியற்ற சாதாரண மணியை மாற்றிப் பூட்டலாம். 30 சுற்று மணியாயின் நாவிற் பாரங்கூட்டி மீடிறனைத் தாழ்த்தவும் முயலலாம். ஆனால், அவ்வாறு திருத்தப்பட்ட மணி, பொதுக்கம்பியில் அது எவ்வீட்டுக்குரியதாயிருந்தது என்பதற்கான சான்றினை இழந்துவிடுகின்றது. பழுதென்று தோன்றும் அம்மௌனமே, பிறர்க்கு வந்த அழைப்புக்கு ஒலியாதிருத்தல் என்னும் தன் பணியை அம்மணி இன்றும் செய்துவருவதற்குச் சான்றாகும்.