உடம்பு சொல்லும் பொய்: கைப்பந்துப் பயிற்சிக்குள் வீடியோ வந்த கதை

"ஸ்மாஷ் அடிக்கும்போது முழங்கையை மடக்குகிறாய்" என்று பயிற்சியாளர் சொன்னால், "இல்லை சார், கை நேராகத்தான் இருந்தது" என்பதுதான் நம்மில் பலருடைய முதல் பதில். போன மாதம் நானும் அப்படித்தான் சாதித்தேன். கூட ஆடும் நண்பன் செல்பேசியில் எடுத்த வீடியோவைக் காட்டினான். வாயை மூடிக்கொண்டேன்! நான் வேண்டுமென்றே பொய் சொல்லவில்லை. என் உடம்புதான் என்னிடம் பொய் சொல்லியிருந்தது. இந்தப் பொய்யைப் பிடிக்க மற்றவர்கள் என்னென்ன செய்தார்கள் என்று தேடிப் படித்தேன். அந்தக் கதைதான் இது.

கைப்பந்து 1895ல் அமெரிக்காவின் ஹோலியோக் நகரில் வில்லியம் மார்கன் என்பவர் உருவாக்கிய விளையாட்டு. 1964ல் டோக்கியோவில் ஒலிம்பிக்கில் சேர்ந்தது. அதற்குள் ஆட்டத்தின் வேகம் எங்கேயோ போய்விட்டது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் அடித்த பந்து விநாடிக்கு சுமார் 28 மீட்டர் போகும். சாதாரண சினிமாக் கேமரா விநாடிக்கு 24 படம் எடுக்கிறது. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் பந்து ஒரு மீட்டருக்கு மேல் போயிருக்கும்! கேமராவுக்கே இந்தக் கதி என்றால், மைதான ஓரத்தில் நிற்கும் பயிற்சியாளரின் கண் என்ன செய்யும்?

வேகமாகப் படம் எடுக்கும் கேமராக்கள் இருந்தன. ஆனால் படச்சுருளைக் கழுவித்தான் பார்க்க முடியும். படம் கைக்கு வருவதற்குள் அந்தப் பயிற்சியே முடிந்திருக்கும்.

இந்த இடத்தில்தான் ஆரி செலிங்கர் வருகிறார். போலந்தில் பிறந்தவர். சிறுவனாக நாஜிகளின் பெர்கன்-பெல்சன் முகாமில் இருந்து உயிர் பிழைத்தவர். இஸ்ரேலில் வளர்ந்து, 1975ல் அமெரிக்கப் பெண்கள் அணியின் பயிற்சியாளரானார். அவருக்குத் துணை நின்றவர் கிடியோன் ஏரியல். 1960, 1964 ஒலிம்பிக்குகளில் இஸ்ரேலுக்காக ஆடிய எறிதல் வீரர் இவர். பின்னாளில் உடலியக்க ஆய்வாளர் ஆனார்.

ஏரியலின் முறை இதுதான். அதிவேகக் கேமராவில் எடுத்த படத்தை ஒவ்வொரு பிரேமாகத் திரையில் நிறுத்துவார்கள். அதில் தெரியும் கணுக்கால், முழங்கால், இடுப்பு, தோள், முழங்கை, மணிக்கட்டு என்று ஒவ்வொரு மூட்டையும் தொட்டுக் குறிப்பார்கள். அந்தப் புள்ளிகள் கணினிக்குள் போய், குச்சி மனிதன் போன்ற உருவமாக மாறும். எந்த மூட்டு எந்த நொடியில் எவ்வளவு வேகத்தில் திரும்பியது என்று கணினி சொல்லிவிடும். இன்று இதை ஒரு செல்பேசி செய்துவிடும். அன்று அது பொறுமையைச் சோதிக்கும் வேலை.

உழைப்பு வீண் போகவில்லை. அந்த அணி 1980 மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது. அரசியல் புறக்கணிப்பால் போக முடியாமல் போனது வேறு கதை. 1982 உலகப் போட்டியில் வெண்கலம் வாங்கினார்கள். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில், முதல் சுற்றில் சீனாவையே வீழ்த்தினார்கள்.

இறுதிப் போட்டியில் மீண்டும் அதே சீனா. முதல் செட் 14-14. சர்வீஸ் போட மாற்று வீராங்கனை ஹௌ யூஜுவைச் சீனா இறக்கியது. அவர் சர்வீஸில் இரண்டு புள்ளிகள்... செட் போனது. அடுத்த இரண்டு செட்டுகளும் போயின. அமெரிக்காவுக்கு வெள்ளிதான்.

அப்படியானால் படம் பிடித்து என்ன பயன் என்று கேட்கலாம். அந்தத் தோல்விக்குக் கேமராவைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதே 1984ல் சால்மோனி, ஷ்மிட், வால்ட்டர் என்ற மூன்று ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரை ஒன்று நம்மை யோசிக்க வைக்கிறது. ஒவ்வொரு முயற்சிக்குப் பிறகும் "சரி, தவறு" என்று வெளியிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தால் பயிற்சியின்போது ஆட்டம் நன்றாக இருக்கும். ஆனால் கற்பவர் அதன்மேல் சாய்ந்துவிடுவார். ஊன்றுகோலை எடுத்ததும் தடுமாறுவார் என்பதே அதன் சாரம்.

படச்சுருளுக்குப் பின் வந்த கருவிகள் எல்லாம் காத்திருக்கும் நேரத்தைக் குறைத்துக்கொண்டே வந்தன. வீடியோ கேசட் வந்ததும் அன்று மாலையே பார்க்க முடிந்தது. இத்தாலியின் 'டேட்டா வாலி' மென்பொருள் வந்ததும் ஒவ்வொரு தொடுதலையும் குறியீடாகப் பதிந்து, ஒரு வீராங்கனை அடித்த ஸ்மாஷ்களை மட்டும் பிரித்துப் பார்க்க முடிந்தது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஜப்பான் பயிற்சியாளர் மசயோஷி மனபே, ஆட்டத்தின் நடுவிலேயே ஐபேடில் விவரங்களைப் பார்த்தபடி நின்றார். ஜப்பான் பெண்கள் அணி 28 ஆண்டுகளுக்குப் பின் வெண்கலம் வென்றது. இப்போது தாமதமாகக் காட்டும் செயலிகளும் உண்டு. அடித்துவிட்டுத் திரும்பினால், 10 விநாடிக்கு முந்தைய நம்மை ஓரத்துத் திரையில் பார்க்கலாம்.

காத்திருக்கும் நேரம் குறைவது நல்லதுதான். ஆனால் அந்த மூவர் சொன்ன ஆபத்து அதனாலேயே கூடுகிறது. 1975ல் கேமரா கிடைப்பது அரிது. இன்று திரையை விட்டுக் கண்ணை எடுப்பதுதான் அரிது!

நான் இப்போது ஒரு வழி வைத்திருக்கிறேன். பத்து ஸ்மாஷ் அடித்தால் இரண்டை மட்டும் பார்ப்பேன். பார்ப்பதற்கு முன் "முழங்கை மடங்கியதா?" என்று நண்பனிடம் நானே சொல்லிவிட வேண்டும். பிறகுதான் வீடியோ. முதல் வாரம் பெரும்பாலும் தவறாகச் சொன்னேன். இப்போது பாதிக்கு மேல் சரியாகச் சொல்கிறேன். என் உடம்பு மெல்ல மெல்ல உண்மை பேசப் பழகுகிறது.

அது முழுக்க உண்மை பேசும் நாளில் கேமரா தேவைப்படாது. நல்ல பயிற்சியாளருக்கும் அதுதானே ஆசை? நம் வகுப்பு நண்பர்களே, நாளை மாலை மைதானத்துக்கு வரும்போது செல்பேசியை எடுத்து வாருங்கள். பாதி நேரம் அது பைக்குள்ளேயே இருக்கட்டும்.