பண்ணை வீட்டில் ஒரு தியானம்



தியானம் என்றதும் தியான இல்லமும், சிற்றாலயமும், மௌனமும் நம் நினைவுக்கு வரும். ஆனால் திருஅவை வரலாற்றில் நிலைத்துவிட்ட ஒரு தியானம், எலிகள் ஓடிய ஒரு பண்ணை வீட்டில் நடந்தது.

கி.பி. 386ஆம் ஆண்டு. மிலான் நகரில் பேச்சுக்கலை ஆசிரியராகப் பெயர் பெற்றிருந்த அகுஸ்தினார் மனம் மாறியிருந்தார். நெஞ்சு நோயால் குரலும் தளர்ந்திருந்தது. திராட்சை அறுவடை விடுமுறை வரை பொறுத்திருந்து, பதவியை விட்டார். எங்கே போவது? வெரேக்குந்துஸ் என்ற நண்பர், கசிசியாக்கும் என்ற ஊரிலிருந்த தம் பண்ணை வீட்டைக் கொடுத்தார். மிலானுக்கு வடக்கே இன்றுள்ள கசாகோ பிரியான்சாதான் அந்த இடம் என்பர் பலர்.

போனவர்கள் துறவிகள் அல்லர். தாய் மோனிக்கா, அண்ணன் தம்பிகளாய் நவீஜியுசும் அகுஸ்தினாரும், மகன் அதேயோதாத்துஸ், பள்ளிப் படிப்பே இல்லாத உறவினர் இருவர், நண்பர் அலீப்பியுஸ், லிசென்சியுஸ், திரிஜேசியுஸ் என்ற இரு மாணவர்கள். பண்ணை வேலைகளைக் கவனித்தார்கள். வெர்ஜிலின் கவிதை படித்தார்கள். வெயில் அடித்தால் புல்வெளியில், வானம் மூடினால் குளியல் கூடத்தில் அமர்ந்து, கடவுளைப் பற்றியும் பேரின்பத்தைப் பற்றியும் பேசினார்கள். எழுத்தர் ஒருவர் அனைத்தையும் குறித்துக்கொண்டார். அதனால்தான் 1600 ஆண்டுகள் கடந்தும் அந்தப் பேச்சு நமக்குக் கேட்கிறது.

நவம்பர் 13, அகுஸ்தினாரின் பிறந்த நாள். விரும்பியதெல்லாம் கிடைத்தவன் பேறுபெற்றவனா என்று கேட்டார். நல்லதை விரும்பிப் பெற்றால் பேறுபெற்றவன். கெட்டதை விரும்பினால், பெற்றாலும் பரிதாபத்துக்குரியவன் என்றார் மோனிக்கா. மெய்யியலின் கோட்டையையே அம்மா பிடித்துவிட்டார் என்று மகிழ்ந்தார் மகன். இதுபோன்ற உரையாடலில் பெண்ணுக்கு ஏது இடம் என்று வேறொரு நாள் அந்தத் தாய் தயங்கியபோது, அவர் கேட்டதையும் எழுதிவைக்கச் சொன்னார்.

சிரிப்பும் இருந்தது. லிசென்சியுஸ் கழிப்பறையில் இருந்தபடியே திருப்பாடலை உரக்கப் பாட, அங்கே போய் இதைப் பாடலாமா என்று மோனிக்கா கடிந்துகொண்டார். அங்கே அடைபட்டால் கடவுள் என் குரலைக் கேட்கமாட்டாரா என்றான் அவன்!

சண்டையும் வந்தது. ஒரு நாள் திரிஜேசியுஸ் இறைமகனைப் பற்றித் தவறாக ஒரு சொல் சொல்லிவிட்டான். அதை எழுத வேண்டாம் என்று கெஞ்சினான். எழுதியே ஆக வேண்டும் என்று சிரித்தான் லிசென்சியுஸ். அகுஸ்தினார் அவனைக் கண்டித்தார். இப்போது மற்றவன் சிரித்தான். ஆசிரியர் அழுதுவிட்டார். கடவுளைத் தேடும் இடத்திலும் யார் பெரியவன் என்ற போட்டியா என்று கலங்கினார். வெட்கிப்போன லிசென்சியுஸ், எல்லாவற்றையும் அழித்துவிடச் சொன்னான். வேண்டாம், எங்களுக்குத் தண்டனையாக அது இருக்கட்டும் என்றான் திரிஜேசியுஸ். அந்தத் தியானத்தின் கனி இதுதான். தன் தவற்றை மறைக்கத் துடித்தவனே, அது பதிவில் நிற்கட்டும் என்று சொன்னான்.

387ஆம் ஆண்டு பாஸ்கா இரவில், புனித அம்புரோசியாரின் கையால் அகுஸ்தினாரும் மகனும் அலீப்பியுசும் திருமுழுக்குப் பெற்றார்கள். அந்த ஆண்டே மோனிக்கா இறந்தார். சில ஆண்டுகளில் அந்த மகனும் இளவயதிலேயே இறந்தான். அவர்கள் ஒரே கூரையின் கீழ்க் கழித்த அமைதியான நாள்கள் எவ்வளவு குறைவு!

வீடு கொடுத்த வெரேக்குந்துஸ்? அவர் அப்போது கிறிஸ்தவர் அல்லர். அவர் மனைவிதான் நம்பிக்கை கொண்டவர். நண்பர்கள் மனம் மாறியதைக் கண்டு, தம்மால் முடியவில்லையே என்று வருந்தினார். ஆனாலும் வீட்டைத் திறந்துவிட்டார். பின்னர் நோயுற்ற படுக்கையில் திருமுழுக்குப் பெற்று இறந்தார். அந்தப் பண்ணை வீட்டுக்குக் கைம்மாறாக, என்றும் வாடாத விண்ணகத் தோட்டத்தை அவருக்குத் தரும்படி அகுஸ்தினார் இறைவனிடம் வேண்டினார்.

அன்பார்ந்தவர்களே, பிறர் இறைவனைத் தேட நாம் இடம் கொடுத்தால், அந்த வாசல் வழியே இறைவன் நம்மிடமும் வருவார். இந்த வாரம் நம் வீட்டில் ஒரு மாலை, தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, அம்மாவையும் பிள்ளைகளையும் பேசவிட்டுக் கேட்போமா?