தும்பாவில் விழுந்த வியர்வைத் துளி

அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருப்பவர்களில் சிலர், சுட்டு முடித்த தோட்டாக் கூடுகளில் வீட்டிலேயே திரும்ப மருந்து அடைத்துக்கொள்கிறார்கள். நம் நாட்டில் உரிமம் இல்லாமல் அப்படிச் செய்தால் 1959-ஆம் வருட ஆயுதச் சட்டப்படி குற்றம். அந்த வேலையில் அடிக்கடி நேரும் தவறு, கவனம் சிதறி ஒரே கூட்டில் இரண்டு முறை மருந்து போட்டுவிடுவது. ஐம்பது கூடுகள் சரியாக முடிந்த பிறகு, கை தன்பாட்டுக்கு ஓடும்போதுதான் அது நடக்கும்.

பி.காம். படித்த பேங்க் ஆசாமிக்கு இதிலென்ன அக்கறை என்கிறீர்களா? நான் பிழைக்க வந்திருக்கும் திருவனந்தபுரத்தில் இதற்கு ஒரு சரித்திரப் பாடமே இருக்கிறது.

நகருக்கு வடக்கே கடலோரத்தில் தும்பா. பூமியின் காந்த நடுக்கோடு அருகில் செல்வதால் ராக்கெட் ஏவ அந்த மீனவர் குப்பத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். பிஷப் பீட்டர் பெர்னார்ட் பெரேரா கொடுத்த மேரி மக்தலேனா தேவாலயம்தான் அலுவலகம். 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் கிளம்பியது. அதைப் பொருத்துவதும் பாதுகாப்பும் நம் ராமேஸ்வரத்து அப்துல் கலாமின் பொறுப்பு.

அப்போதைய ராக்கெட்டுகள் சில, வானத்தில் சோடியம் ஆவியைக் கக்கும். அந்தி வெளிச்சத்தில் அது ஆரஞ்சு மேகமாக மின்னும். அது நகர்வதைப் படம் பிடித்து மேல்வானத்துக் காற்றைக் கணக்கிடுவார்கள். சோடியத்தை ஆவியாக்கும் சூட்டுக்குத் தெர்மைட்.

இந்தக் கலவையை அடைக்கும்போது நடந்ததைக் கலாம் 'அக்னிச் சிறகுகள்' நூலில் சொல்லியிருக்கிறார். அழுத்தும் வேலையைத் தூரத்தில் இருந்தே இயக்கினார்கள். ஆறு முறை ஒழுங்காக முடிந்தது. சரியாக நிரம்பியிருக்கிறதா என்று பார்க்கக் கலாமும் சக ஊழியர் சுதாகரும் உள்ளே போனார்கள். தும்பாவின் புழுக்கம் தெரியுமே! சுதாகரின் நெற்றி வியர்வை ஒரு சொட்டு சோடியத்தில் விழ, அறையே அதிர வெடித்தது. தண்ணீர் ஊற்றவும் வழியில்லை. சோடியத்துக்கு அதுதானே எமன். சுதாகர் வெறுங்கையால் ஜன்னல் கண்ணாடியை உடைத்து, முதலில் கலாமை வெளியே தள்ளிவிட்டுப் பிறகு தான் குதித்தார். தீக்காயத்தோடு பல வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

கவனியுங்கள், ஆபத்தானது என்று பயந்து தள்ளி நின்று செய்த வேலையில் ஒன்றும் ஆகவில்லை. அது முடிந்துவிட்டது, சும்மா பார்த்துவிட்டு வருவோம் என்று போன இடத்தில்தான் வெடித்தது. எங்கள் பேங்கில் கரன்சி செஸ்ட்டுக்கு இரண்டு சாவி, இரண்டு அதிகாரிகள். இருபது வருடம் பழகியவர்களுக்கும் அதே விதிதான். பழக்கத்தை நம்பி ஒரு சாவியைக் குறைப்பதில்லை.

கலாம் 2002-ல் ஜனாதிபதியானார். பிள்ளைகளோடு ஊருக்கு வந்தால் தும்பா பக்கம் வாருங்கள். அந்தத் தேவாலயம் இப்போது விண்வெளி அருங்காட்சியகம். கலாம் கதையைச் சொல்லும்போது, கண்ணாடியை உடைத்த சுதாகரின் கைகளையும் சேர்த்தே சொல்லுங்கள்.